பல் மருத்துவ உதவியாளருக்குத் தனியாகத் தொழில் பொறுப்புக் காப்பீடு தேவையா?

கேள்வி: கொழிஞ்சாம்பாறை வாசகி

அனைவருக்கும் வணக்கம். பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், பொள்ளாச்சிக்குப் போகும் சாலையை ஒட்டிய ஒரு பல் கிளினிக்கில் உதவியாளராக வேலை பார்க்கிறேன். பிளஸ் டூ முடித்த பின் ஒரு தனியார் நிறுவனத்தில் பல் மருத்துவ உதவியாளருக்கான சான்றிதழ்ப் படிப்பு படித்தேன். மாநிலப் பல் மருத்துவக் கவுன்சிலில் எனக்குப் பதிவு எதுவும் இல்லை. சிகிச்சையின்போது பக்கத்தில் நின்று சக்‌ஷன் குழாயைப் பிடிப்பது, கருவிகளைக் கழுவி, கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் வைப்பது, சிமென்ட் கலப்பது, மருந்துகளை சிரிஞ்சில் நிரப்பிக் கொடுப்பது ஆகியவை என் வேலைகள். இவற்றோடு, எங்கள் மருத்துவர் வடகேரளத்துக்காரர் என்பதாலும், வருபவர்களில் பெரும்பாலோர் வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் பக்கத்துத் தமிழர்கள் என்பதாலும், நோயாளியிடம் பழைய நோய்களைக் கேட்டு எழுதுவதும், ஒப்புதல் படிவத்தை விளக்கிக் கையெழுத்து வாங்குவதும் என் பொறுப்பில்தான் இருக்கின்றன.

அண்மையில் பக்கத்து ஊர்க் கிளினிக் ஒன்றில், வேர் சிகிச்சையில் பல்லின் உட்குழாயைக் கழுவப் பயன்படுத்தும் சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசல், மரத்துப்போகும் மருந்து என்ற நினைப்பில் ஈறுக்குள் செலுத்தப்பட்டுவிட்டதாகக் கேள்விப்பட்டேன். சிரிஞ்சை நிரப்பியவர் உதவியாளர், ஊசி போட்டவர் மருத்துவர். நோயாளியின் தரப்பிலிருந்து வந்திருக்கும் வக்கீல் நோட்டீசில் இருவர் பெயரும் இருக்கிறதாம். அதைக் கேட்ட எங்கள் மருத்துவர், நானும் என் பெயரில் ஒரு தொழில் பொறுப்புப் பாலிசி (வேலையில் நேரும் தவறால் மற்றவருக்கு ஏற்படும் தீங்குக்கு இழப்பீடு தரும் காப்பீடு) எடுத்து வைத்துக்கொள்வது நல்லது என்றார். அவர் அனுப்பிய ஏஜென்ட், மருத்துவர்களுக்கான பாலிசியையே குறைந்த பிரீமியத்தில் வாங்கித் தருவதாகவும், தொழில் என்ற கட்டத்தில் ‘பல் மருத்துவம்’ என்று மட்டும் எழுதினால் போதும் என்றும் சொல்கிறார்.

மருத்துவரின் பாலிசியில் என் வேலையும் அடங்குமா, ஏஜென்ட் சொல்வதுபோல் எடுத்தால் அது செல்லுமா, வேலையின்போது எனக்கே ஊசி குத்திவிட்டால் இதில் பணம் கிடைக்குமா என்று விவரம் தெரிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன். என் சம்பளத்துக்கு வீண் பிரீமியம் ஒன்றைக் கட்டும் நிலையில் நான் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பதில் 1: ஓய்வுபெற்ற காப்பீட்டு அலுவலர், கோவை

சகோதரிக்கு வணக்கம். பொதுத்துறைக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் பொறுப்புக் காப்பீடுகளைப் பரிசீலிக்கும் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எழுதுகிறேன். முதலில் இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவசரம் அதில்தான் இருக்கிறது. அந்த ஏஜென்ட் நீட்டும் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். காப்பீட்டு ஒப்பந்தம், கேட்பவர் தன்னைப் பற்றிய முக்கிய உண்மைகள் அனைத்தையும் மறைக்காமல் சொல்லியிருக்கிறார் என்ற நம்பிக்கையின் மேல் நிற்பது. பல் மருத்துவர் அல்லாத ஒருவர் மருத்துவருக்கான பாலிசியை ‘பல் மருத்துவம்’ என்ற மங்கலான சொல்லின் மறைவில் வாங்கினால், பிரீமியம் வாங்கும் நாளில் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். இழப்பீடு கேட்டுக் கடிதம் போகும் நாளில்தான் பதிவு எண் எங்கே என்று கேட்பார்கள். அப்போது உண்மையை மறைத்ததாகச் சொல்லிக் கோரிக்கையை நிராகரிக்க நிறுவனத்துக்கு வழி கிடைத்துவிடும். ஏஜென்டின் கமிஷன் அதற்குள் அவர் கைக்குப் போயிருக்கும்.

நம் நாட்டில் மருத்துவத் துறைக்கான தொழில் பொறுப்புப் பாலிசிகள் பெரும்பாலும் இரண்டு வகையாக விற்கப்படுகின்றன. ஒன்று, பதிவுபெற்ற தனி மருத்துவருக்கானது. மற்றொன்று, மருத்துவமனை, கிளினிக் போன்ற நிறுவனங்களுக்கானது. அமெரிக்கா போன்ற நாடுகளில் உதவியாளர்களுக்கென்றே தனிப் பாலிசி உண்டு என்று இணையத்தில் படித்துவிட்டுப் பலர் அதை இங்கே தேடுகிறார்கள். இங்கே உங்களைப் போன்றவருக்கான பாதுகாப்பு வழக்கமாக முதலாளியின் பாலிசி வழியாகத்தான் வருகிறது.

அது வருகிறதா என்பதைப் படிவத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். மருத்துவர் நிரப்பும் விண்ணப்பப் படிவத்தில் பணியாளர்களைப் பற்றிய பகுதி இருக்கும். தகுதி பெற்ற உதவியாளர், தகுதி பெறாத உதவியாளர் என்று பிரித்தும் கேட்பார்கள். பிரீமியம் கொஞ்சம் ஏறும் என்பதற்காகவோ, அலட்சியத்தாலோ, பல மருத்துவர்கள் இந்தப் பகுதியைக் காலியாக விட்டுவிடுகிறார்கள். நீங்கள் சான்றிதழ்ப் படிப்பு படித்திருந்தாலும், சட்டப்படியான பதிவு இல்லாததால் காப்பீட்டு நிறுவனம் உங்களைத் தகுதி பெறாதவர் வரிசையில் வைக்கவே வாய்ப்பு அதிகம். அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. எந்த வரிசையானாலும் பெயரும் வேலையும் பாலிசியில் ஏறியிருக்க வேண்டும் என்பதே முக்கியம். பாலிசி நடப்பில் இருக்கும்போதே எண்டார்ஸ்மென்ட் (பாலிசியில் செய்யும் மாற்றத்தை எழுத்தில் உறுதி செய்யும் இணைப்பு) கேட்டுப் பெயரைச் சேர்க்கலாம். கூடுதல் பிரீமியமும் அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் வரும். அவை மருத்துவர் கட்ட வேண்டிய செலவு, நீங்கள் கட்ட வேண்டியதல்ல.

பாலிசியைக் கையில் வாங்கிப் பார்க்க முடிந்தால், தொகையைவிட அதன் அமைப்பைக் கவனியுங்கள். ஆண்டு முழுவதற்குமான வரம்பு 20 லட்சம், ஒரு சம்பவத்துக்கான வரம்புக்கும் ஆண்டு வரம்புக்குமான விகிதம் 1:2 என்று இருந்தால், ஒரு சம்பவத்துக்கு அதிகபட்சம் 10 லட்சம்தான். வழக்குச் செலவும் பெரும்பாலும் இந்த வரம்புக்குள்ளேயே அடங்கிவிடும். அடுத்து, இவ்வகைப் பாலிசிகள் சம்பவம் நடந்த நாளை மட்டும் பார்ப்பவை அல்ல. கோரிக்கை எழும் நாளில் பாலிசி உயிரோடு இருக்க வேண்டும், சம்பவமும் அதில் குறித்திருக்கும் பின்னோக்குத் தேதிக்குப் பிறகு நடந்ததாக இருக்க வேண்டும். மருத்துவர் ஒருமுறை புதுப்பிக்க மறந்து, இடைவெளி விட்டுப் புதிதாக எடுத்தால், பழைய ஆண்டுகளுக்கான பாதுகாப்பு முழுதும் போய்விடக்கூடும். மோட்டார் பாலிசிபோல் எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் இதில்தான் சறுக்குகிறார்கள்.

விலக்குகளில் உங்களைத் தொடக்கூடியவை சில உண்டு. குற்றச் செயல், போதையில் இருந்தபடி செய்த சிகிச்சை ஆகியவற்றுக்குப் பணம் வராது. மருத்துவமனையில் அல்லாமல் கிளினிக்கிலேயே முழு மயக்கம் கொடுத்துச் செய்யும் பல் சிகிச்சையையும் பல பாலிசிகள் விலக்கி வைக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, சட்டம் அனுமதிக்காத வேலையைச் செய்திருந்தால் பாலிசியில் பெயர் இருந்தும் பயன் இராது.

ஊசி குத்துவது முற்றிலும் வேறு விஷயம். பொறுப்புக் காப்பீடு மற்றவருக்கு நேரும் தீங்குக்கானது. உங்களுக்கு நேரும் காயத்துக்கு, கிளினிக்கில் பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்து உங்கள் மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) உண்டு. சிறிய கிளினிக் என்றால் தொழிலாளர் இழப்பீட்டு விதிகள்தான் துணை; முன்பு 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்த அவை இப்போது 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பில் இருக்கின்றன. அதற்கென முதலாளி எடுக்க வேண்டிய பாலிசி தனியாக இருக்கிறது.

பதில் 2: குமுளி பல் மருத்துவர்

மேலே ஐயா விளக்கியதற்குப் பிறகு காப்பீட்டைப் பற்றி நான் சொல்ல அதிகம் இல்லை. ஆனால் உங்கள் மருத்துவர் உங்களைத் தனிப் பாலிசி எடுக்கச் சொன்னதை, அதே தொழிலில் இருப்பவன் என்ற முறையில் என்னால் ஏற்க முடியவில்லை. சிரிஞ்சில் என்ன இருக்கிறது என்று உறுதி செய்துகொள்ளாமல் ஊசி போடுபவர் மருத்துவர்தான். அதன் சுமையைச் சம்பளக்காரரின் தலையில் ஏற்றுவது முறையல்ல.

ஹைப்போகுளோரைட் விபத்து அரிதானது என்றாலும் கடுமையானது. வேர்க்குழாயைக் கழுவ 0.5 முதல் 5.25 சதவீதம் வரையான கரைசலைப் பயன்படுத்துகிறோம். அது திசுவுக்குள் போனால் உடனே கடுமையான வலி, வீக்கம், இரத்தக்கசிவு ஏற்படும். திசு அழுகவும் கூடும். பார்வைக்கு அதுவும் மரத்துப்போகும் மருந்தும் ஒன்றுபோலவே தெளிவாக இருக்கும் என்பதுதான் ஆபத்து. எங்கள் கிளினிக்கில் மரத்துப்போகும் மருந்தை நிரப்பும் சிரிஞ்சும் கழுவும் சிரிஞ்சும் ஒரே அளவில் இருப்பதில்லை. கழுவும் ஊசியின் முனை மழுங்கலாக, பக்கவாட்டில் துளையுள்ளதாக இருக்கும். நிரப்பியவுடன் ஒட்டுச்சீட்டில் பெயர் எழுதாமல் எதுவும் தட்டுக்கு வராது. மரத்துப்போகும் மருந்தான லிக்னோகெய்ன் குப்பியைக் கண் முன்னால் திறந்து காட்டிய பிறகே உறிஞ்சுகிறோம். இவற்றை நீங்களாகவே உங்கள் கிளினிக்கில் தொடங்கலாம், யாரும் தடுக்க மாட்டார்கள்.

ஒப்புதல் படிவத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். எல்லையோரக் கிளினிக்குகளில் அச்சடித்த படிவம் மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ இருக்கிறது. கையெழுத்துப் போடுபவர் தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த தேயிலைத் தோட்டத் தொழிலாளியாக இருக்கிறார். நடுவில் உதவியாளர் வாய்மொழியாகச் சொன்னது என்ன என்பதற்குச் சாட்சியே இல்லை. சிகிச்சையின் தன்மை, அபாயம், மாற்று வழி ஆகியவற்றைப் போதிய அளவு தெரிவித்துப் பெறும் சம்மதமே சம்மதம் என்று 2008-இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதைத் தெரிவிக்க வேண்டியவர் மருத்துவர். தமிழில் அச்சடித்த படிவத்தை மருத்துவர் செலவில் தயாரித்து வைக்கச் சொல்லுங்கள். நீங்கள் உடன் இருந்து விளக்கினால், மருத்துவர் முன்னிலையில் விளக்கியதாகவும், விளக்கியவர் இன்னார் என்றும் படிவத்திலேயே ஒரு வரி எழுதி, மருத்துவரின் கையெழுத்தையும் வாங்குங்கள். சர்க்கரை நோய், இரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை, பென்சிலின் ஒவ்வாமை ஆகிய மூன்றையும் நோயாளி இல்லை என்று சொன்னாலும் ‘கேட்கப்பட்டது, இல்லை’ என்று எழுதுங்கள். காலியாக விட்ட கட்டம் பிற்பாடு கேட்கவே இல்லை என்பதற்குச் சான்றாகிவிடும்.

மருத்துவர் வெளியே போயிருக்கும்போது, வந்தவருக்கு ஸ்கேலிங் (பல்லைச் சுரண்டிச் சுத்தம் செய்தல்) மட்டும் செய்து அனுப்பச் சொன்னால் மறுத்துவிடுங்கள். நம் சிற்றூர்களில் இது நடக்காத விஷயமல்ல.

பதில் 3: நகரி

மருத்துவர் கடைசியாகச் சொன்னதை ஒட்டி ஒரு செய்தி. ஆந்திராவில் நகரிக்கு அருகே பதிவுபெற்ற பல் சுகாதாரப் பணியாளராக இருக்கிறேன். 1948-ஆம் ஆண்டின் பல் மருத்துவர் சட்டம் பல் மருத்துவர், பல் சுகாதாரப் பணியாளர், பல் மெக்கானிக் என்ற மூன்று பிரிவினரை வரையறுத்துப் பதிவு முறையை ஏற்படுத்தியது. பல்லைச் சுரண்டிச் சுத்தம் செய்து மெருகேற்றுவது அந்தச் சட்டப்படி சுகாதாரப் பணியாளரின் வேலை. அதற்கு இரண்டு ஆண்டுப் படிப்பு இருக்கிறது. உதவியாளர் என்ற பிரிவு அந்தச் சட்டத்தில் இல்லை. எனவே தொழிலில் நீடிக்க விரும்பினால், தனிப் பாலிசிக்குச் செலவிடும் பணத்தைவிட அந்தப் படிப்புக்குச் செலவிடும் பணம் சகோதரிக்குப் பயன் தரும் என்பது என் கருத்து. படிவத்தில் தகுதி பெற்றவர் என்ற கட்டத்தில் பதிவு எண்ணோடு பெயரை எழுத முடிவது சின்ன விஷயமல்ல.

பதில் 4: பாலக்காட்டு வழக்கறிஞர்

வழக்கு வந்தால் அது எந்த வழியில் வரும் என்பதைப் பொறுத்தே உங்கள் நிலை அமையும்.

நுகர்வோர் ஆணையத்தில் எதிர்தரப்பு ஆவது கட்டணம் பெற்றுச் சேவை வழங்குபவர், அதாவது மருத்துவரோ கிளினிக்கோ. கட்டணம் வாங்கும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்பது 1995-இல் வி.பி. சாந்தா வழக்கிலேயே முடிவாகிவிட்டது. உதவியாளரின் தவறுக்கு முதலாளி பொறுப்பாவார் என்பதற்கு 1998-இல் வந்த ஸ்பிரிங் மெடோஸ் மருத்துவமனை வழக்கைப் பார்க்கலாம்: செவிலியர் தவறான ஊசி மருந்தைச் செலுத்தியதால் மூளை பாதிக்கப்பட்ட குழந்தைக்கு 12.5 லட்சமும் பெற்றோருக்குத் தனியாக 5 லட்சமும் வழங்கப்பட்டதை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. பொறுப்பு மருத்துவமனையின் மேல் விழுந்தது. ஆகவே நோட்டீசில் உதவியாளரின் பெயரும் இருப்பதால் மட்டும் அவர் கையிலிருந்து பணம் போகும் என்று அஞ்ச வேண்டியதில்லை. வழக்குப் போடுபவரின் கண், பணம் வசூலாகக்கூடிய இடத்தில்தான் இருக்கும்.

எல்லையோரத்தில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டிய மாற்றம் ஒன்று 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கிறது. புகார்தாரர் தாம் வசிக்கும் இடத்து ஆணையத்திலேயே இப்போது புகார் கொடுக்கலாம். சித்தூரில் சிகிச்சை பெற்ற பொள்ளாச்சிக்காரர் கோவையில் வழக்குப் போடலாம். உங்கள் மருத்துவர் பாலக்காட்டு வழக்கறிஞரை வைத்துக்கொண்டு கோவைக்கு அலைய வேண்டியிருக்கும். சம்பவத்திலிருந்து இரண்டு ஆண்டுகள் வரை புகார் கொடுக்கலாம். நோட்டீஸ் கிடைத்தபின் பதில் தாக்கல் செய்ய 30 நாள், ஆணையம் அனுமதித்தால் மேலும் 15 நாள். அதற்கு மேல் நீட்டிக்க முடியாது என்று 2020-இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வே தீர்ப்பளித்துவிட்டது. வக்கீல் நோட்டீஸ் வந்த அன்றே காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று வற்புறுத்துவது இதனால்தான். சமாதானமாகப் பேசி முடித்துவிடலாம் என்று மருத்துவர் தாமாகவே தவறை ஒப்புக்கொண்டு கடிதம் கொடுப்பதையோ பணம் கொடுப்பதையோ பாலிசி நிபந்தனைகள் பொதுவாகத் தடுக்கின்றன.

உரிமையியல் நீதிமன்றத்தில் நஷ்ட ஈட்டு வழக்குப் போட்டால் உங்களையும் பிரதிவாதியாகச் சேர்க்க முடியும். குற்றவியல் வழி இன்னும் கடினமானது. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவு, கவனக்குறைவால் மரணம் விளைவித்தால் ஐந்து ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை என்கிறது. பதிவுபெற்ற மருத்துவருக்கு மட்டும் அது இரண்டு ஆண்டுகள் வரை என்று குறைகிறது. அந்தச் சலுகைக்கான விளக்கம் தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின்கீழ் பதிவானவர்களைக் குறிக்கிறது. உதவியாளர் அதில் வரமாட்டார். படுகாயம் என்றால் 125-ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டுகள் வரை. மருத்துவர்களைப் பொறுத்தவரை கவனக்குறைவு மிகக் கடுமையானதாக இருந்தால்தான் குற்றவழக்கு நிற்கும் என்று 2005-இல் ஜேக்கப் மேத்யூ வழக்கு வரையறுத்தது உண்மை; ஆனால் உதவியாளர் தன் எல்லையைத் தாண்டி ஊசி போட்டிருந்தால் அந்தப் பாதுகாப்பை நம்பியிருக்க முடியாது. குற்றத்துக்கான அபராதத்தையோ சிறையையோ எந்தப் பாலிசியும் ஏற்காது.

ஒரு விஷயத்தில் மட்டும் முதல் பதிலிலிருந்து கொஞ்சம் விலகுகிறேன். காப்பீட்டு நிறுவனம் அமர்த்தும் வழக்கறிஞர் மருத்துவரின் வழக்கறிஞர். நிரப்பியவர் அவர்தான், நான் நம்பி ஊசி போட்டேன் என்று மருத்துவர் பதில் மனுவில் சொன்னால், உங்கள் தரப்பைச் சொல்ல யாரும் இருக்க மாட்டார்கள். ஆகையால் உங்கள் வேலைகள் இன்னின்ன என்று மருத்துவர் கையெழுத்திட்ட நியமனக் கடிதம் உங்களிடம் இருக்க வேண்டும். வழக்கு வந்தால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை நாடலாம். பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமலே இலவசச் சட்ட உதவி உண்டு என்பதைப் பலர் அறிவதில்லை. தனிப் பாலிசி தரும் வழக்கறிஞர் செலவுக்கு அது ஓரளவு மாற்றாகும்.

கொழிஞ்சாம்பாறை வாசகி

அனைவருக்கும் நன்றி. மருத்துவரிடம் பாலிசியைக் கேட்டுப் பார்த்தேன். பணியாளர் பகுதியில் முன்பு வேலை பார்த்த ஒருவரின் பெயர்தான் இருக்கிறது. என் பெயரைச் சேர்க்க அவர் ஒப்புக்கொண்டார். இன்னும் ஒரே ஒரு சந்தேகம்: திருமணமாகி நான் உடுமலைப்பேட்டைக்குப் போய்விட்ட பிறகு, இங்கே நான் வேலை பார்த்த காலத்துச் சிகிச்சைக்காக யாராவது வழக்குப் போட்டால் என் நிலை என்ன?

ஓய்வுபெற்ற காப்பீட்டு அலுவலர், கோவை

கேட்க வேண்டிய கேள்விதான். கோரிக்கை எழும் நாளில் மருத்துவரின் பாலிசி இடைவெளியின்றித் தொடர்ந்திருந்தால், உங்கள் செயலுக்காக அவர்மேல் வரும் கோரிக்கை அதில் அடங்க வாய்ப்பிருக்கிறது. ஆனால் உங்கள்மேல் நேரடியாக வரும் கோரிக்கை அடங்குமா என்பது, பணியாளர் என்ற வரையறையில் முன்னாள் பணியாளரும் சேர்க்கப்பட்டிருக்கிறாரா என்பதைப் பொறுத்தது. அந்த வரி பாலிசியில் இல்லாவிட்டால், எண்டார்ஸ்மென்ட் கேட்கும் அதே கடிதத்தில் இதையும் கேட்கச் சொல்லுங்கள். ஏஜென்டிடம் வாய்மொழியாகக் கேட்டு நிறுத்திவிட வேண்டாம். பாலிசி வழங்கிய கிளை அலுவலகத்துக்கு மருத்துவர் பெயரில் கடிதம் போகட்டும், பதிலும் எழுத்தில் வரட்டும். மறுத்தால் மறுப்பும் எழுத்தில் இருக்கட்டும். பழைய பணியாளரின் பெயரை நீக்கச் சொல்லி அவசரப்பட வேண்டாம்; அவர் வேலை பார்த்த காலத்துக்கு அந்தப் பெயர் இன்னும் தேவைப்படலாம். எண்டார்ஸ்மென்ட் வந்ததும் உங்கள் பெயர், வேலை, அது நடப்புக்கு வரும் தேதி மூன்றையும் சரிபார்த்து ஒரு நகலை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். உடுமலைக்குப் போகும்போது நியமனக் கடிதத்தோடும் பணி விடுவிப்புக் கடிதத்தோடும் அந்த நகலும் உங்களோடு போக வேண்டும்.